காலடிக் கணக்கு

இடமில்லை, இடமில்லை என்று
மூன்று வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தது போன்.
வெள்ளிக்கிழமை, துணி காய்கிற நேரத்தில்
எதை அழிக்கலாம் என்று உள்ளே போனேன்.

கடைசிப் பக்கத்தில் கிடந்தன
நான் ஏற்றாதவை, ரூவியில் செகண்ட் ஹேண்டாக
வாங்கும்போதே இருந்தவை.
ஒன்றைத் தொட்டேன். நீர்மட்டம்.

கட்டில் சட்டத்தில் போனைக் கிடத்தினேன்:
தலைமாடு மூன்று டிகிரி தாழ்வு.
ஒன்றரை வருடமாக ரத்தமெல்லாம் தலைக்கு வரத்தான்
தூங்கியிருக்கிறேன் போல.
தயிர் டப்பா மூடிகளைக் காலுக்கடியில் கொடுக்கக் கொடுக்க
பூஜ்ஜியம் வந்தது, திரை முழுக்கப் பச்சை.
"ஊரான் டாங்கிக்கு லெவல் பாத்துச் சாரம் கட்டுறவன்
படுக்கிற எடத்துல பாக்கலியாக்கும்"
மேல்கட்டிலில் இருந்து சிரித்தார் பீர்க்கண்ணு.
அவரையும் சேர்த்துத்தான் தூக்கியிருந்தேன்.

அவருடைய பிரஷர் மாத்திரை அட்டையில்
எறும்பு எழுத்து. உருப்பெருக்கியை வைத்தேன்.
போன நவம்பரோடு முடிந்திருந்தது மாத்திரை.
சிரிப்பும்.

அடுத்தது ஓர் இதயப் படம்.
பிரஷர் பார்க்கும் என்று நினைத்துத்தான் திறந்தோம்.
உள்ளே
குத்துக்கம்பி நட்ட மாதிரி வரிசையாக
என் நடை.

யாரும் எண்ணச் சொல்லவில்லை.
கால்சட்டைப் பையில் வியர்வையோடு கிடந்தபடி
சோஹாரில் நான் வைத்த அடியையெல்லாம்
அது பாட்டுக்கு எழுதி வந்திருக்கிறது.

விரலால் பின்னுக்குத் தள்ளினேன்.
ஏப்ரல். மார்ச் கடைசி.
மார்ச் பதினொன்று.

சம்பளச் சீட்டில் அன்றைக்கு நான் ஆப்சென்ட்.
கேட்டபோது டைம்கீப்பர் கோஷி
"ஒப்பு இல்லல்லோ" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார்.
அன்று புழுதிக்காற்று. ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை.
ஒருவேளை நான் போகவில்லையோ என்று
எனக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது.

பதினெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு அடி.
ஏறிய மாடி நாற்பத்தொன்று.

வராதவன் ஏறிய மாடி, நாற்பத்தொன்று.

அன்று எடுத்த ஒரே படம்:
அடுக்கிய பைப்பின் வாய்க்குள் தூங்கும் பூனை.
மேலே தள்ளினால் நேரமும் இடமும் வந்தன,
பத்து நாற்பது, வரைபடத்தில் எங்கள் யார்டு.
நோட்ஸுக்குள் ஸ்கேனர் ஒன்று இருப்பதை
டில்பகதூர் காட்டிக் கொடுத்தான்.
பர்ஸில் நாலாக மடிந்து கிடந்த சீட்டு
இஸ்திரி போட்டது போல் எழுந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோஷி முன்னால் எல்லாவற்றையும் வைத்தேன்.
நடையைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார்.
பூனையை வெகுநேரம் பார்த்தார்.
"சைட்டுக்குள்ள போன் கூடாது, அறியாமோ?"

அறிவேன். வாசலில் எழுதிப் போட்டிருக்கிறது,
நாலு மொழியில், தமிழ் தவிர.
பிடிபட்டால் ஐந்து ரியால்.

கால்குலேட்டரைத் திறந்தேன்.
ஒருநாள் கூலி ஐந்து ரியால் இருநூறு பைசா.
கழித்தேன். போனைச் சாய்த்துப் பிடித்து
இன்னொரு தடவை கழித்தேன்,
சாய்த்தால் பெரிய கணக்குகளுக்கும் பொத்தான் வருகிறது.
விடை மாறவில்லை.

"எழுதிக்கோங்க," என்றேன், "ரெண்டையும்."

ஆப்சென்ட் மேல் ஒரு கோடு இழுத்தார்.
அபராதப் புத்தகத்தில் என் பெயர் எழுதினார்,
எப்போதும்போல ஓர் எழுத்து தப்பாக.
பிறகு சுற்றிப் பார்த்துவிட்டுத் தன் போனை
மேஜைமேல் நகர்த்தினார்:
"இது இதில எவிடே?"

அவருக்கு அன்று எழுநூற்றுச் சொச்சம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

இருநூறு பைசாவுக்குக் கேன்டீனில் இரண்டு டீ.
ஒன்றைப் பீர்க்கண்ணுவுக்கு
மூடி போட்டு எடுத்துவந்தேன்.
போக வர முந்நூற்றாறு அடி.