முதல் எழுத்து

பெட்டி மேல் போட்டிருந்தது, ஐந்து கிலோமீட்டர் என்று.
எங்கே என்று போடவில்லை.
கடலிலா, வானத்திலா,
கடைக்காரர் கனவிலா.

லாங் பஜாரில் பூட்டும் டார்ச்சும் விற்கிற சந்தில்
ஆறு பேர் நின்று வாக்கிடாக்கி பார்த்தோம்.
முத்தகீர் எடை பார்த்தான். டேனரியில் வேலை,
எதைத் தொட்டாலும் முதலில் எடைதான்.
வினோலியா கையுறை மாட்டிக்கொண்டு
பொத்தான் விரலுக்குத் தெரிகிறதா என்று அழுத்தினாள்.
தசரதன் கேட்டது ஒன்றே ஒன்று:
"கீழ உயுந்தா இன்னா ஆவும்?"
கடைக்காரர் பதிலுக்குக் கீழே போட்டுக் காட்டினார்.
மூடி கழன்று, பேட்டரி உருண்டு
சாக்கடை ஓரம் போய் நின்றது.
அதை வாங்கவில்லை.
அதன் தம்பியை வாங்கினோம், அரை டஜன்.

தடித்த ஜாதி ஒன்றும் இருந்தது. அதற்கு லைசென்ஸ் வேண்டுமாம்.
பேசுவதற்கு அனுமதி கேட்கிற சாதனத்தை
மரியாதையோடு திருப்பி வைத்தேன்.
எனக்கு ஏற்கெனவே வாயில் ஒரு செக்போஸ்ட் இருக்கிறது,
கிறிஸ்டியான்பேட்டையில் இருப்பது போல.
'ம'வில் ஆரம்பிக்கிற சொல்லெல்லாம்
லாரி லாரியாக அங்கே நிற்கும்,
விளக்கெரிந்தபடி.
முத்தகீரை நான் 'பாய்' என்றே கூப்பிடுவது
பாசத்தால் மட்டும் இல்லை.

ஞாயிறு. ஊசூர் தாண்டி மலையடிவாரம்.
ஒருநாள் வாடகைக்கு ஒரு மாந்தோப்பு, அதன் பின்னே பாறைகள்.
பிளாஸ்டிக் குண்டு. கண்ணுக்குக் கவசம்.
பட்டால் தானே கையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிற நேர்மை.
எட்டரை மணிக்கே பாறை தோசைக்கல்.

ஐந்து கிலோமீட்டர்
முதல் பாறைக்குப் பின்னால் இருநூறு அடி ஆனது.
இரண்டாம் பாறைக்குப் பின்னால்
கைதட்டிக் கூப்பிடுவதே மேல்.

எதிரணி வேலியோரம் ஊர்ந்து வருகிறது.
மூச்சடக்கிக் கிடக்கிறோம். காதில்:
"மூணாம் பந்திக்கு அப்பளம் இல்லப்பா,
எவன் கீறான் அங்க?"
சாலையோரக் கல்யாண மண்டபம், எங்கள் சேனலிலேயே.
தசரதன் முதுகு குலுங்கியது.
குலுங்கிய முதுகில் நாலு குண்டு.
கை தூக்கிக்கொண்டு போனான், அப்பளமும் இல்லாமல்.

ஏழாம் சேனலுக்கு மாறினோம்.
மாறினோம் என்றுதான் நினைத்தோம்.

அப்புறம் தெரிந்தது இன்னொன்று.
அழுத்திய கையோடு பேசினால்
முதல் எழுத்தை இயந்திரம் தின்றுவிடுகிறது.
"வராதே" என்று வினோலியா கத்தினாள்.
"ராதே" என்று கேட்டது.
யார் அந்த ராதா என்று எட்டிப் பார்த்ததில் இரண்டு பேர் அவுட்.

மோர் குடித்தபடி அவள் சட்டம் போட்டாள்:
அழுத்து. ஒரு மூச்சு நில். அப்புறம் பேசு.
அவர்களுக்கு அது வரவில்லை.
அவசரத்தில் ஆளாளுக்கு
ஓரெழுத்தைப் பறிகொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.
நானோ
இருபத்தாறு வருடமாய் அதைத்தான் செய்கிறேன்.

மூன்றாம் ஆட்டம். பாறை உச்சியில் நான்.
அழுத்தினேன்.
நின்றேன்.
யாரும் என் வாக்கியத்தை எனக்காக முடித்துவைக்கவில்லை.
முடியாது. என் விரல் பொத்தானில் இருக்கும்வரை
அவர்கள் பேச வழியில்லை.
ஐந்து காதுகளிலும் வெறும் இரைச்சல்
எனக்காக உட்கார்ந்திருந்தது.
"மாமரம்," என்றேன். "மூணாவது மாமரம். ரெண்டு பேர்."

சுட்டார்கள்.
இரண்டு பேரில் ஒருவன் எதிரி.
இன்னொருவன், மேலெல்லாம் எங்கள் குண்டு பட்டு
மரத்தடியிலிருந்து கை தூக்கி வந்தவன்,
காலையிலிருந்து சேனலே மாற்றாத முத்தகீர்.
"கேக்க நல்லாருந்துச்சுடா, அதான் உட்டுட்டேன்.
பொண்ணூட்ல பாயசம் பத்தலியாம்."

"சாரி பாய்" என்றேன்.
விரலை எடுக்க மறந்திருந்தேன்.
எல்லார் காதிலும் அது
இரண்டு முறை கேட்டது.