பெயர் எழுதாத கட்டம்

பாரூஸ் ஊரைத் தாண்டி
மலை ஏறத் தொடங்கும் இடத்தில்
பேருந்து நிற்காது. வேகம் மட்டும் குறையும்.
தியார்மா குதித்திறங்குகிறாள்.
பையில் அளவு நாடா, நூறு தகரப் பட்டை,
அவித்த மரவள்ளி, வனத்துறைப் படிவம்.

இன்று ஏழாம் மரம்.
அண்ணாந்தால்
மரம் முடியுமுன் கழுத்து முடிந்துவிடுகிறது.
அங்கே உச்சியில்,
இந்த மரத்துக்கும் பக்கத்து மரத்துக்கும் நடுவே
ஒரு முழம் வானம் விட்டிருக்கிறது,
சுவரைப் பொதுவில் வைத்துக்கொண்டு
பேச்சை நிறுத்திய பங்காளிகள் மாதிரி.
பெருங்காற்றில் உரசிக்கொள்ளும்.
உரசிய நுனி ஒடிந்து விழும்.
மறுபடி அந்த ஒரு முழம்.

இலையைக் கசக்கி முகர்கிறாள்.
கழுதைக்குத் தெரியாது என்று
நாம் பழமொழி சொன்ன வாசனை.
சர்க்கரைப் பொங்கலில் ஒரு சிட்டிகை கூடினால் கசக்குமே,
அது.
பெயரை நானும் சொல்லப்போவதில்லை.
இரவில் பாம்பைப் பூச்சி என்பவர்களுக்கு
இது புரியும்.

தேடிப் போகிறவர்கள் காட்டு விளிம்பில்
பேச்சை மாற்றிக்கொள்வார்கள்.
சோற்றைச் சோறு என்பதில்லை, கோடரியைக் கோடரி என்பதில்லை.
மரத்தின் பெயர் வாயில் வந்தால்
உள்ளே வெள்ளையாய் உறைந்திருப்பது
கரைந்து ஓடிவிடுமாம்.
தியார்மா அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை.
ஆனாலும் படிவத்தில் 'இனம்' என்ற கட்டத்தை
ஆறு மரங்களாக வெறுமையாக விட்டு வருகிறாள்.
அலுவலகத்தில் யாரோ முனகிக்கொண்டே நிரப்புகிறார்கள்.

ஐந்து வருடம் சும்மா நின்ற காடு
இந்த வருடம் ஒன்றாகப் பூத்தது.
எங்கிருந்தோ மலைத்தேனீ வந்தது,
வேலை முடிந்ததும் சொல்லாமல் போனது.
இப்போது விதை உதிர்கிறது,
ஒவ்வொன்றுக்கும் ஐந்து சிறகு,
சுழன்று சுழன்று, அதிக தூரமில்லை,
தாயின் காலடியிலேயே.
பன்றி தின்கிறது. வண்டு துளைக்கிறது.
தின்று தீராத அளவுக்குக் கொட்டுவதுதான்
மரத்துக்குத் தெரிந்த ஒரே தந்திரம்.
இதைப் புட்டியில் அடைத்துச் சேமிக்க முடியாது.
சில நாளில் மண்ணைத் தொடாவிட்டால் செத்துப்போகும்.
தொட்டதும் நிழலில் காத்துக் கிடக்கும்,
பத்து வருடமாக ஒரே ஒரு சாண்.

நாடாவைச் சுற்றி வரும்போது
அடிமரத்தின் மறுபக்கம்
ஒரு வாய்.
இரண்டு கை அகலம், புதுசு,
பிசின் இன்னும் காயவில்லை.
உள்ளே இருக்கிறதா என்று பார்த்திருக்கிறான்.
வெளியே அடையாளம் கிடையாது; வெட்டாமல் தெரியாது.
இல்லை. வெறும் கட்டை.
வெட்டு எல்லாம் வலமிருந்து சரிந்திருக்கிறது.
இடக்கைக்காரன்.

கணவனின் தம்பி பார்லின்
நேற்றிரவு அவள் வீட்டில்தான் சாப்பிட்டான்.
இடக்கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:
"பெரியது விழுந்தால்தானே அண்ணி
உன் சாண் பிள்ளைகளுக்கு வெயில்?"
அவள் மீன் தலையை அவன் தட்டில் வைத்தாள்.
அவன் சொன்னதில் பாதி உண்மை.
அந்தப் பாதிதான் இரவெல்லாம் தூங்க விடவில்லை.
வெயில் விழும், சரி.
அடுத்த முறை பூப்பதற்கு
எது நிற்கும்?

தகரப் பட்டையை ஆணியில் தொங்கவிடுகிறாள்.
மரம் எண்: ஏழு.
இனம்:
பேனா நிற்கிறது, நகர்கிறது, காலியாக விடுகிறது.
சேதம்: அடிமரத்தில் வெட்டு.
காரணம்:
தெரியவில்லை என்று எழுதலாம்.
போன மாதம் மூன்றாம் மரத்துக்கு அப்படித்தான் எழுதினாள்.

பார்லின் துமாங்கோர் என்று
முழுதாக எழுதுகிறாள். குடும்பப் பெயரும் சேர்த்து;
அது அவளுடையதும்தான்.

கை பிசுபிசுக்கிறது.
மரவள்ளியைப் பிட்டால் அதிலும் அந்த வாசனை.
மழைக்கு முன் வரும் காற்று
மேலே கிளைகளை ஒரு முறை உரச வைக்கிறது.
படிவத்தின் மேல் வந்து விழுந்த ஒன்றை
ஊதித் தள்ளாமல்
சிறகைப் பிடித்துத் தூக்கி
ஈரமான இடமாகப் பார்த்து வைக்கிறாள்.
பேருந்து நான்கு மணிக்கு. அதுவும் நிற்காது.