மிச்சச் சூடு

மே மாதம், கடலூர்.
பகல் முழுக்க மஞ்சக்குப்பம் தெருக்களில்
மீட்டர் படித்துவிட்டு வருகிறவள்
மாலையில் காசு கொடுத்து
இன்னொரு வெயிலுக்குள் போய் உட்காருகிறேன்.
ஆபீஸில் கேட்கிறார்கள்:
"ஏன், வெளியில அடிச்சது பத்தலையா?"

பத்தவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.
அது தலைக்கு ஏறும் வெயில்.
இது இடுப்புக்கு இறங்குகிறது.

டயர் கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
பெண்களுக்கு ஏழிலிருந்து எட்டரை வரை.
இன்றைக்கு நாற்பது கிலோ,
தரையிலிருந்து ஐந்து முறை.
ஐந்தாவதில் பல்லிடுக்கில் ஒரு சத்தம் வந்தது,
என்னுடையதுதானா என்று கண்ணாடியைப் பார்த்தேன்.
அப்புறம் அரை பாட்டில் தண்ணீர்.
அப்புறம் அந்தக் கதவு.

பைன் மரப் பலகை. சுவரில் மணற்கடிகாரம்.
எண்பது டிகிரி.
முதலில் சுடுவது மூக்குத்தி;
கழற்றி டப்பாவில் போட மறந்த நாளெல்லாம்
மூக்கில் ஒரு தீக்குச்சி.
கல்மேல் ஒரு கரண்டி நீர் ஊற்றினால்
தோசைக்கல் மாதிரி ஒரு சொல் சொல்லிவிட்டு
அடங்கிப்போகும்.
காதுமடலுக்குப் பின்னால், முழங்கால் மடிப்பில்,
பிரசவத் தழும்பின் ஓரத்தில்,
எங்கெல்லாம் எனக்கு உடம்பு இருக்கிறதென்று
வியர்வை ஒவ்வொரு வாசலாய் நின்று
கணக்கெடுத்துப் போகும்.
அதற்கும் என் உத்தியோகம்தான்.

பயிற்சியாளர் ரெபெக்கா சொல்லியிருக்கிறார்:
ரத்தம் நல்லா ஓடும், பிடிப்பு தளரும், தூக்கம் வரும்.
பதினஞ்சு நிமிஷம் தாண்டாதீங்க.
தலை சுத்தினா எழுந்துடுங்க.

தொழில் புத்தி போகாது.
ஆறு கிலோவாட் ஹீட்டர்,
ஒரு மணி நேரம், ஆறு யூனிட்,
வணிக இணைப்பு.
மூன்று பேர் இருந்தால் தலைக்கு இரண்டு.
என் பங்கை மனசுக்குள் எழுதிக்கொண்டுதான்
கண்ணை மூடுவேன்.

வியாழக்கிழமை
மூக்குத்தி டப்பாவை விட்டுவிட்டு
கெடிலம் பாலம் வரை போய்த் திரும்பினேன்.
எட்டே முக்கால். கூடத்தில் விளக்கில்லை.
அந்தக் கதவில் ஒரு மாப்பு சாய்ந்திருந்தது,
பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

உள்ளே அஞ்சலாட்சி.
கூட்டித் துடைக்கிறவள்.
புடவையோடு, கீழ்ப் பலகையில்,
இரண்டு கையையும் கல்லுக்கு மேல் நீட்டிக்
குளிர் காய்ந்துகொண்டிருந்தாள்.
கடலூரில். மே மாதத்தில்.

எழப் போனாள். வேண்டாம் என்றேன்.
"காலையில முதுநகர்ல எறா ஷெட்டுக்குப் போறேங்க்கா.
எட்டு மணி நேரம் ஐஸுல கை.
சாயங்காலம் வெரலு மடங்காது,
இந்தக் கட்டையப் பிடிக்க வராது.
கரண்ட்ட அமத்துனப்பறந்தான் வருவேன், சத்தியமா."

நுனியில் வெளுத்த விரல்கள்.
நகத்தடியில் இறால் முள் கீறிய கோடுகள்.
ஒவ்வொன்றாய் மடக்கிக் காட்டினாள்.
மோதிர விரல் பாதியில் நின்று
யோசித்து
மடங்கியது.

நான் சுவிட்சைப் பார்த்தேன்.
அவள் சொன்ன பிறகும் பார்த்தேன்.
பதினாறு வருஷப் பழக்கம்.
அணைந்துதான் இருந்தது.
அவள் என் கண் போன இடத்தைப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
வியர்வைக்கு முன்பே முகம் சுட்டது.

சுடிதாரோடு மேல் பலகையில் ஏறி உட்கார்ந்தேன்.
முள் இறங்கிக்கொண்டிருந்தது,
எழுபது, அறுபத்தெட்டு.
மூன்று பெண்கள் கணக்கு முடித்துக்கொண்டு போனபிறகும்
கல் தன்னிடம் கொஞ்சம் வைத்திருந்தது.
எந்த மீட்டரிலும் அது ஓடவில்லை.
எனக்கு அதை எப்படிப் படிப்பதென்று தெரியவில்லை.

கீழே டயர் கடை ஷட்டர் இறங்கியது.
"இன்னும் பத்து நிமிஷம் தாங்கும்க்கா,"
கல்லுக்குச் சொந்தக்காரி மாதிரிச் சொன்னாள்,
நகர்ந்து
எனக்கும் கை நீட்ட இடம் விட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான்
டப்பா ஞாபகம் வந்தது.