பொய் எண்ணிக்கை

மிளகில் பாதிகூட இருக்காது அந்தச் சில்லு.
விளக்கை அணைத்து, கறுப்புத் துணி போர்த்தி,
அதன்மேல் என் துப்பட்டாவையும் போட்டு மூடினாலும்
நொடிக்கு நானூறு தடவை
வெளிச்சம் வெளிச்சம் என்று சாதிக்கிறது.

திருநகர் மாடி அறை. சித்திரை.
எட்டு டிகிரி ஏறினால்
சிலிக்கானின் பொய் இரட்டிக்கும்.
நெல்பேட்டை மீன்கடையில் ஐஸ் வாங்கிவந்து
பாலித்தீனில் சுற்றி அடியில் வைத்தோம்.
எண் இறங்கியது, சில்லு வியர்த்தது,
அறையெல்லாம் வஞ்சிர வாடை.

தோப்பூர் ஆஸ்பத்திரியில் சகாயமேரி
ஒரு நாளைக்கு அறுபது சளி ஸ்லைடு பார்க்கிறாள்.
சாயம் ஏறிய காசக்கிருமி
நீல ஒளி பட்டால் பச்சையாய் மினுங்கும்.
"என் கண்ணக் கழட்டி ஒங்க மிஷினுக்குக் குடுத்துரட்டா?"
வடையைப் பிட்டபடி கேட்டாள்.
கண் சிவந்திருந்தது.

கொட்டுகிற நீலமோ மூட்டை மூட்டையாய்.
திரும்பி வரும் பச்சை ஒரு சிட்டிகை.
எந்த வடிகட்டி வைத்தாலும் நீலம் கசிகிறது.
சரி, நீலத்தை அணைத்துவிடு.
நொடியை நூறு கோடியாய் நறுக்கினால்
இரண்டு மூன்று துணுக்கு நேரம்
பச்சை மட்டும் தங்கி நிற்கும்,
பந்தி முடிந்தும் எழாத விருந்தாளி மாதிரி.
அந்த இடுக்கில் சில்லைத் திற.

திறந்தோம். பச்சை!
தவமணி ஓடிப்போய்ப் பரோட்டா வாங்கிவந்தான்.

மூன்று வாரம் கழித்து
கைதவறி வெறும் ஸ்லைடை வைத்தேன்.
பச்சை.
ஸ்லைடையே எடுத்துவிட்டேன்.
அப்போதும் பச்சை.

இத்தனை நாளும் நாங்கள் அளந்தது
சில்லை ஒட்டிய பசையை.
கீழவாசலில் எண்பது ரூபாய்.
நானும் மினுங்குவேன் என்று
டப்பாவில் போடவில்லை.

அன்று ராத்திரி எல்லாவற்றையும் நீலத்தில் காட்டிப் பார்த்தேன்.
பில் காகிதம், தவமணியின் சட்டைக் காலர்,
அவன் பல், என் புது மஞ்சக்கயிறு.
யாரை நம்புவது?

பசையைச் சுரண்டினோம். கவ்வி வைத்தோம்.
இரண்டு சில்லு உடைந்தது.

நேற்று சகாயமேரி ஐந்து ஸ்லைடு கொடுத்தாள்,
எது என்னவென்று சொல்லாமல்.
நான்கு ஒத்துப்போனது.
ஐந்தாவதில் ஏதோ இருக்கிறது என்றது சில்லு.
"அது நெகட்டிவ்ங்க. நேத்தே எழுதிட்டேன்" என்றாள்.
"பசையா இருக்கும்" என்றும் சொன்னாள்.

பிறகு டியூப்லைட்டை அணைத்து
அதே ஸ்லைடைத் திரும்ப ஏற்றினாள்.
கண்ணை எடுக்கவேயில்லை.
ஐஸ் உருகி மேஜையிலிருந்து
என் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.