நூற்றுப் பன்னிரண்டு

நாலே முக்காலுக்கு நெல்லியடிச் சந்தியில்
பேக்கரி மட்டும் விழித்திருக்கும்.
அந்தப் பாண் வாசத்தைத் தாண்டுவதுதான்
முதலாவது கிலோமீற்றர்.
பிறகு வல்லை வெளி.

ஒதுங்க அங்கே ஒரு மரமில்லை.
சோளகம் போகும்போது நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்,
வரும்போது முதுகில்.
"காத்து வஞ்சகம் செய்யாதடி, ரெண்டு பக்கமும் கணக்குச் சரி"
என்பாள் அபிஷனா.
சரியில்லை.
போகும்போது பறித்த செக்கனை
வரும்போது அது ஒருநாளும் முழுசாய்த் தந்ததில்லை.
என் மணிக்கூட்டுக்குத் தெரியும்.

மாசியில் கிழமைக்கு அறுபது.
பங்குனியில் எண்பத்திநாலு.
வைகாசி இரண்டாம் கிழமை, நூற்றுப் பன்னிரண்டு.
ரெஜினோல்ட் சேர் தந்த தாளில்
எண்கள் படிக்கட்டு மாதிரி ஏறின.
"கென்யாப் பெடியள் பதினைஞ்சு வயசிலை
இதைவிட ஓடுறாங்கள்" என்றார்.
அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று
ஒருத்தரும் கேட்கவில்லை, நானும்.
எனக்கு விடியப் பிளேன்ரீ, இரண்டு துண்டுப் பாண்.
பள்ளிக்கூடம் விட்டு மூன்றரைக்குச் சோறு.
அது செமிக்க முன்னம், ஐந்துக்கு, திரும்பவும் ஓட்டம்.

பெருவிரல் நகம் கறுத்து,
ஒருநாள் சொக்ஸோடு கழன்று வந்தது.
தீப்பெட்டியில் போட்டு வைத்தேன். ஏனென்று தெரியாது.
இரசாயனவியல் பாடத்தில் கண் திறந்தபடி நித்திரை.

பங்குனிக்குப் பிறகு எனக்கு வரவில்லை.
அம்மா கலண்டரைப் பார்த்தாள், பிறகு என்னை.
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்காததுதான் கேள்வி என்று விளங்க
இரண்டு நாள் பிடித்தது எனக்கு.
"ஆரோடையும் இல்லையம்மா,
வல்லை வெளியோட மட்டும்தான்."
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
அடுத்தநாள் தட்டில் ஒரு முட்டை கூட இருந்தது.

அபிஷனாவுக்கு அந்தத் தாள்
அளவெடுத்துத் தைத்த சட்டை.
அதே பாண், அதே காற்று, அதே நூற்றுப் பன்னிரண்டு.
ஐயாயிரம் மீற்றரைப் பதினெட்டு நாற்பதில் முடித்துவிட்டு
ஐஸ்பழம் வாங்கப் போனாள்.
எனக்குக் கணுக்காலுக்கு மேலே
ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் இடம்.
ரூபாய்க் குற்றியளவு.
கொப்பியில் "கொஞ்சம் நோ" என்று எழுதினேன்.
பிறகு "கொஞ்ச" மட்டும் எழுதி வெட்டினேன்.
பிறகு எழுதவேயில்லை.

வல்லைப் பாலத்தில், பதினோராவது கிலோமீற்றரில்,
கால் என்னைக் கேளாமல் நின்றது.
அபிஷனா நூறு மீற்றர் போய்த்தான் திரும்பிப் பார்த்தாள்.
அவளில் பிழையில்லை,
எதிர்க்காற்றில் பின்னால் வருகிறவளின் மூச்சுக் கேட்காது.
வெங்காயம் ஏற்றிவந்த லான்ட்மாஸ்ரரில்
மூட்டைகளுக்கு மேலே என்னை இருத்தினார்கள்.
மந்திகை ஆஸ்பத்திரி வரைக்கும்
கண் எரிந்தது.
வெங்காயம் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

படத்தில் ஒரு மயிரளவு கோடு.
"ஆறு கிழமை," என்ற டொக்டர்
பேனையை மூடமுன் இன்னொன்று கேட்டா,
மெல்லமாய், அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு.
பங்குனி என்றேன்.
அவ அதையும் எழுதினா, கால் முறிவுக்குப் பக்கத்திலேயே,
இரண்டும் ஒரே வருத்தம் மாதிரி.

சேர் வீட்டுக்கு வந்தார்.
கதிரை நுனியில் இருந்தார்.
"நீ சொல்லியிருக்கலாமே பிள்ளை."
நீங்கள் கேட்டிருக்கலாமே, சேர்.
இதை நான் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

கொப்பியில் பூச்சியம். பூச்சியம். பூச்சியம்.
மாகாணப் போட்டியன்று துரையப்பா அரங்கில்
அபிஷனாவுக்குச் சுற்று எண்ணினேன்,
பன்னிரண்டரைக்கும் தொண்டை கிழிய.
அவள் வென்றாள்.
அன்றிரவு பொறாமையில் நித்திரை வரவில்லை.

ஆறாம் கிழமை: எட்டுக் கிலோமீற்றர்,
அதில் பாதி நடை.
வீட்டுக்கு வர, கலண்டரில் அம்மா
சிவப்புப் பேனையால் ஒரு வட்டம் போட்டிருந்தாள்.
அதைப்பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

கொப்பியைப் பின்பக்கம் புரட்டி
அந்தக் கிழமையைப் பார்க்கிறேன், அடிக்கடி.
நூற்றுப் பன்னிரண்டு.
அழகான எழுத்து, என்னுடையதுதான்.
எனக்கு அது இன்னும் வேணும்.