ஏழு மில்லிமீட்டர்

ஆசாரிப்பள்ளத்தில் இருட்டு அறை.
குளிர்ந்த பசை தடவி
மார்பின் மேல் கருவியை ஓட்டினார் டாக்டர்.
திரையில் சாம்பல் கடல்.

எனக்கு இது தெரியும்.
டெலஸ்போர் வள்ளத்திலும் உண்டு
சத்தம் விட்டு ஆழம் பார்க்கிற பெட்டி.
மீன்கூட்டம் என்று அவன் வலை விட்டது
பாதி நாள் பாறையாய் இருக்கும்.

"ஏழு மில்லிமீட்டர். சின்னதிலேயே வந்துட்டீங்க.
டப்புன்னு கேக்கும், அசையாதீங்க."
மரத்த சதைக்குள் ஊசி
வெள்ளைக் கோடாய்ப் போனது.

டப்.
நாலு தடவை.

நூல்நூலாய்ச் சதை, குப்பியில்.
மிதக்கவில்லை. அடியில் போய்க் கிடந்தது.
அதை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார்.
நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.
செவுள் பிரிக்காமலே
மீனுக்கு விலை சொல்லுகிறவள்.

"ரெண்டு நாள் பாரம் தூக்கக் கூடாது."

வெறுஞ்சருவம் தூக்கலாமா என்று கேட்டேன்.