பூசாத செவ்வகம்

இரவு பதினொன்றுக்கு மேல்தான் தெரு எங்கள் கைக்கு வரும்.
திபிலீசியின் அந்தச் சரிவில்
நானும் லாமாராவும் உருளை பிடித்துப் பச்சை இழுத்தோம்.
சைக்கிளுக்கு ஒன்றரை மீட்டர்,
பஸ்ஸுக்கு மூன்றேகால்,
மிச்சம் கால்களுக்கு.
ஒண்ட வந்த பிடாரியை
இப்போதுதான் ஓரங்கட்டுகிறார்கள் என்றாள் லாமாரா,
நாலு வரிசை கார் ஓடிய தாரை மிதித்தபடி.

நாற்பத்தேழாம் எண் வாசலில்
சாம்பல் நிறக் கார் ஒன்று நகரவே இல்லை.
நோட்டீஸ் ஒட்டியாயிற்று. மணி அடித்தாயிற்று.
இழுவை வண்டி வேறு ஏதோ மேட்டில் மாட்டிக்கொண்டதாம்.
"சுற்றிப் பூசு" என்றார் மேஸ்திரி.

காலையில் கார் இல்லை.
பச்சைக்கு நடுவே கார் அளவுக்குப் பழைய தார்,
ஒரு சொட்டு எண்ணெய்.

அன்றைக்கே நிரப்பியிருக்க வேண்டும்.
வாளி காலி. அப்புறம் மழை.
அப்புறம் எங்களை ஆற்றோரம் அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்துப் போனேன்.
பள்ளமென்று பயந்து சைக்கிள்கள் அங்கே வளைகின்றன.
பஸ் நிறுத்தத்தில் ஜும்பேர், காரின் சொந்தக்காரர்,
முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் கை நீட்டிக் காட்டுகிறார்:
"அதோ, அது என் இடம்."
பஸ் வந்தது. ஏறினார்.
ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்து
திருப்பம் வரை கழுத்தைத் திருப்பவில்லை.

வாளியைத் திறந்தேன்.
காதில் மஞ்சள் வில்லை குத்திய தெருநாய்
செவ்வகத்துக்குள் நீட்டிப் படுத்திருந்தது.
உஸ் என்றேன். ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது.

சுற்றிப் பூசினேன்.